எர்த் கம்பி இல்லாத மாடி

யுவராணியின் வீட்டு மாடியை முதலில் டேப் பிடித்து அளந்தவள் ஜான்சிதான். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக மீனவக் குப்பத்துக்குப் போயிருந்தாள். தரை அப்படிக் கொதித்தது. டேப்பின் மறுமுனையை யுவராணி செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, ஒரு கையால் முந்தானையைத் தலைக்குக் குடையாகப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம்டி, கருவாடா ஆயிடுவேன்."

இருவரும் மரக்காணம் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. ஜான்சியின் அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக் கூலிக்குப் போனவர்கள். யுவராணி கடலோரத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்ததும் ஜான்சி ஆரோவில் பக்கம் சோலார் பயிற்சிக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, கீழ்புத்துப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். வீடுகளுக்குப் பேனல் போட அரசாங்கம் பட்டியலிட்டிருக்கும் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. யுவராணி அதே குப்பத்தில் மணிகண்டனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவான். அவன் கொண்டுவரும் இறாலையும் நண்டையும் யுவராணி வீட்டு ஃப்ரீசரில் வைத்து, ஈ.சி.ஆர். ரோட்டு ஓட்டல்களுக்குக் கொடுத்து வந்தாள். கரண்ட் போனால் எல்லாம் நாறிவிடும். அதற்காகத்தான் அவளுக்கு பேட்டரியோடு சோலார் வேண்டியிருந்தது.

மாடி நன்றாகவே இருந்தது. நிழல் விழாத மாடி. சிக்கல் கீழே, மீட்டர் பெட்டியில் இருந்தது. கரண்ட் இணைப்பு மணிகண்டனின் அப்பா அப்பாதுரையின் பெயரில் இருந்தது. அவர் செத்து நான்கு வருஷம் ஆகிறது. பெயர் மாற்றாமல் ஜான்சியின் கம்பெனி மின்வாரியத்துக்கு விண்ணப்பம் போடாது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்குச் சென்னையில் இருக்கிற மணிகண்டனின் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சாவுக்குப் பிறகு அந்த அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதே இல்லை.

"எப்டியும் மூணு நாலு மாசம் ஆயிடும். கொஞ்சம் பொறுத்துக்கடி" என்றாள் ஜான்சி.

யுவராணி பொறுக்கவில்லை. ஆனி பிறந்ததும் மணிகண்டனின் அத்தை மகன் சகாதேவன் வந்தான். சென்னையில் பேனல் மாட்டும் ஆட்களோடு இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தவன். ஊருக்குத் திரும்பி, பைக்கில் டிரில் மிஷினைக் கட்டிக்கொண்டு தானே வீடு வீடாக மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் ஓடிவந்து பார்ப்பான். "மூணே நாள்ல போட்டுத் தர்றேன்க்கா. பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான்.

ஜான்சிக்கு விஷயம் தெரிந்து போன் போட்டபோது பாதி வேலை முடிந்திருந்தது.

"அவன்கிட்ட லைசென்ஸ் இருக்குதா? பரீட்சை எழுதியிருக்கானா? நாளைக்கு ஒண்ணுன்னா யார்டி வந்து நிப்பாங்க?"

"சொந்தக்காரன்டி அவன். அவன் நிக்காம வேற யாரு நிப்பா?"

"சொந்தக்காரனா இருந்தா கரண்டுக்குத் தெரியுமா?"

"உனக்கு இன்னாடி இவ்ளோ கோவம்? ஆர்டர் போச்சேன்னு வயித்தெரிச்சலா?"

யுவராணி அதைப் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஜான்சிக்கு முழுதாகத் தைத்துவிட்டது. போனை வைத்தவள் இரண்டு மாதம் எடுக்கவே இல்லை.

ஆவணியில் யுவராணியே வீடு தேடி வந்தாள். மகள் தமிழ்நிலாவுக்குக் காது குத்து. பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு ஜான்சியின் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ வரலன்னா நான் இந்தக் காது குத்தே வெக்க மாட்டேன்டி" என்றாள். ஜான்சியும் அழுதாள். இரண்டு மாதத்து வீம்பு ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

காது குத்து அன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே யுவராணி அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருடி உன் வயித்தெரிச்சல!"

எட்டுப் பேனல்கள் நீலமாகப் பளபளத்தன. கீழே நின்று பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஜான்சியின் கண் பேனலில் நிற்கவில்லை. ஸ்டாண்ட் வெறும் இரும்பு. மேலே சகாதேவன் சில்வர் பெயின்ட் அடித்திருந்தான். கடல் காற்றில் போல்ட் போட்ட ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் ஏற்கெனவே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளிருந்து செம்மண் நிறத்தில் துரு கசிந்தது. பேனலிலிருந்து வரும் கேபிளைக் குழாய்க்குள் விடாமல், அறுத்த இரும்பின் கூரான விளிம்பின் மேலேயே ஓட்டி, வலை கட்டும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தான். காற்றடிக்கும்போது அது லேசாக ஆடி விளிம்பில் உரசியது. ஸ்டாண்டிலிருந்து தரைக்கு இறங்க வேண்டிய எர்த் கம்பியைத் தேடினாள். மாடியின் நான்கு பக்கமும் எட்டிப் பார்த்தாள். எங்கும் இல்லை.

ஜான்சி வாயைத் திறந்தாள்.

"இப்ப கரண்ட் போனாலும் ஃப்ரீசர் நிக்கறதே இல்லடி" என்று யுவராணி சொல்லிக்கொண்டிருந்தாள். "போன வாரம் தெருவே கரண்ட் இல்லாம கெடக்குது, எங்கூட்டு இறால் மட்டும் கல்லு மாரி இருக்குது. செல்லம்மாக்கா கூட அவங்க மீன என் பெட்டிலதான் கொண்டாந்து வெச்சாங்க." அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கீழே பந்தியில் முதல் வரிசையில் சகாதேவனை உட்கார வைத்து மணிகண்டன் தன் கையாலேயே பரிமாறிக்கொண்டிருந்தான். மாமன் மச்சான் எல்லோரும் கூடியிருந்த நாள். இப்போது இதைச் சொன்னால் மறுபடியும் வயிற்றெரிச்சல் என்றுதானே சொல்வாள்? இன்னொரு நாள் தனியாக வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜான்சி நினைத்தாள்.

"நல்லா இருக்குதுடி" என்றாள்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. பிரம்மதேசத்தில் ஒரே தெருவில் ஐந்து வீட்டு வேலை வந்தது. ஸ்கூட்டியில் குப்பத்து வளைவைத் தாண்டும்போதெல்லாம் நினைவு வரும். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவாள். புரட்டாசியில் ஒருநாள் இதற்காகவே போன் போட்டாள். யுவராணி காது குத்துப் போட்டோக்களைப் பற்றியும், ஒரு போட்டோவிலாவது மணிகண்டன் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறானா என்றும் அரை மணி நேரம் பேசினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போனை வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது ஜான்சிக்கு உறைத்தது.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. யுவராணி ஈரப் போர்வைகளை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பைப் படியிலேயே விட்டிருந்தாள். போர்வையைக் கொடியில் எறிந்தபோது காற்றில் அது பேனல் பக்கம் போய் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதை எடுக்க ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்தான் பார்த்தாள். ஓடிவந்து தொட்டவளைக் கரண்ட் தூக்கி எறிந்தது. கீழே யாரோ மெயினை அணைத்தார்கள். அணைத்தும் ஸ்டாண்டில் கரண்ட் நிற்கவில்லை. வெயில் இருக்கும்வரை பேனல் தானாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கடைசியில் மூங்கில் கழியால் தள்ளித்தான் யுவராணியைப் பிரித்தார்கள். மணிகண்டன் கடலில் இருந்தான்.

ஜான்சி பிரம்மதேசத்தில் ஒரு மாடியில் எர்த் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையில் இருந்த ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மின் ஆய்வாளர் தட்சணாமூர்த்தி வந்தார். மீட்டர் வைத்துச் சோதிக்க ஜான்சியின் கம்பெனியில் ஆள் கேட்டிருந்தார். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று முதலாளி சொன்னார். "நானே போறேன் சார்" என்றாள் ஜான்சி.

பேனல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கேபிளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தாள். இரும்பு விளிம்பு உரசிய இடத்தில் ரப்பர் அறுந்து, ஒரு விரல் நகம் அளவுக்குச் செம்பு தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் போர்வையின் நூல் ஒன்று போல்ட்டில் சிக்கியிருந்தது. மீட்டர் காட்டிய எண்ணை அவள் சொல்லச் சொல்ல ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

"எர்த்தே போடல. பாதுகாப்புப் பெட்டியும் வெக்கல" என்றார் அவர். "பட்டியல்ல இருக்கற கம்பெனி போட்டிருந்தா, எங்க ஆளுங்க வந்து பாத்து கையெழுத்துப் போடாம ஆன் பண்ணவே முடியாதும்மா. இப்படி ஒரு மாடி இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாது. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் மேல ஏறிப் பாத்திருந்தா போதும். பாத்த ஒடனே புரிஞ்சிருக்கும்."

ஜான்சி மீட்டரைப் பையில் வைத்தாள். ஜிப்பை மூடாமலே கீழே இறங்கினாள்.

கீழே மணிகண்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாவு வீட்டுக்கு வந்திருந்த சென்னை அக்கா உள்ளே தமிழ்நிலாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சகாதேவன் சாவு நடந்த அன்று மாலையே ஊரை விட்டுப் போய்விட்டான். போன் அணைந்து கிடந்தது.

"எல்லாம் என்னாலதான் ஜான்சி" என்றான் மணிகண்டன். "அக்காகிட்ட போயி ஒரு கையெழுத்துக் கேக்க எனக்கு ரோஷம். இப்ப அவ தானா வந்து நிக்கறா. அப்ப கேட்டிருந்தா போட்டிருப்பா. நீ சொன்ன மாரி காத்திருந்தா…"

ஜான்சி பேசாமல் போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவன் தன்னையே திட்டிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பான்.

"அண்ணா, நான் பாத்தேன்."

"இன்னாத்த?"

"காது குத்து அன்னிக்கி அவ என்ன மாடிக்கு இட்டுகினு போனா. எர்த் இல்லாதத பாத்தேன். கேபிள் உரசறதையும் பாத்தேன். சொல்லணும்னுதான் இருந்தேன். சண்ட போட்டு அப்பதான் சேந்திருந்தோம். மறுபடி தப்பா நெனைப்பாளோன்னு… அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

மணிகண்டன் அவளைப் பார்த்தான்.

"ரெண்டு மாசம்" என்றான்.

"ஆமாண்ணா."

"ரெண்டு மாசம் அவ தெனமும் அந்த மாடிக்குப் போயி வந்துகினு இருந்தா. எங்கொழந்த அங்கதான் வெளையாடிச்சி." அவன் குரல் உயரவில்லை. "பந்தியிலேயே எங்கள நாக்கப் புடுங்கிக்கற மாரி திட்டியிருக்கலாமே ஜான்சி. நான் உன்ன அடிச்சே தொரத்தியிருந்தாலும் அவ இருந்திருப்பாளே."

அவன் வாசலைக் காட்டினான்.

"போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

கருமாதிக்கு அவளுக்குச் சொல்லவில்லை. ஸ்கூட்டியில் கிளம்பி வளைவு வரை போய், பந்தல் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தாள். யுவராணியின் நம்பர் போனில் மேலேயே இருந்தது. கடைசியாக அவள் அனுப்பியது மணிகண்டன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற போட்டோ. ஜான்சி அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து, காலையில் மணிகண்டனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எட்டுப் பெயர்கள், எட்டு ஊர்கள். சகாதேவன் பேனல் மாட்டிக் கொடுத்த வீடுகள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஜான்சி திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

அன்றே லீவு போட்டாள். மீட்டரையும் தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில் மாடிக்கு விட்டார்கள். அங்கேயும் எர்த் இல்லை. இரண்டாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாவது வீடு உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. வசந்தா என்ற பெண் கதவைப் பாதி திறந்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"எங்கூட்ல நல்லாத்தான் ஓடுது. கம்பெனிக்காரங்க இப்டிதான் பயங்காட்டி ஆர்டர் புடிப்பீங்க."

"எனக்கு ஆர்டர் வேணாங்க்கா. பத்து நிமிஷம் மேல விடுங்க, பாத்துட்டுப் போயிடறேன்."

"ஏன், உனக்கு இன்னா அவ்ளோ அக்கற?"

"குப்பத்துல செத்துப்போனது என் சிநேகிதி. அவ வீட்ல பாத்துட்டுச் சொல்லாம வந்துட்டேன்."

வசந்தா கதவை முழுதாகத் திறந்து, மாடிப்படியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்த் தட்டை நகர்த்தி வழி விட்டாள்.

மேலே அதே சில்வர் பெயின்ட். அதே நைலான் கயிறு. ஜான்சி தார்ப்பாயை விரித்துப் பேனல்களை மூடி, ஓரங்களில் செங்கல் வைத்தாள். கேபிளை அவிழ்க்க நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த வசந்தா, அந்தப் பெண் மாடித் தரையில் மடங்கி உட்கார்ந்து, மூச்சு முட்ட முட்ட அழுவதைப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஜான்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினாள்.