இன்னும் இரண்டு நாள்

ஒன்பது வருடமாக அவள் அந்த நாட்டில் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தாள். லேப்பில் ஆறு பேர். எல்லோர் முகத்திலும் மாஸ்க்; அரைக்கும் மெஷின் சத்தத்தில் பேச்சுக்கு இடமே கிடையாது. அப்பா அம்மா போன பிறகு ஊரில் இருப்பது ஒரு அண்ணன். பிறந்தநாளுக்கு அவனிடமிருந்து பூங்கொத்துப் படம் ஒன்று போனில் வரும்.

அப்படியிருக்கையில், காலேஜ் ஹாஸ்டலில் மூன்று வருடம் கூடவே இருந்த சிநேகிதி, ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக அதே நாட்டில் வந்து இறங்கினாள். இப்போது கணக்கு டீச்சர். ஹாஸ்டலில் அவள் பெயர் ரேடியோ. தூக்கத்தில்கூட வாய் ஓயாது. பயிற்சி மூன்று நாள்தான். வீட்டில் ஐந்து நாள் என்று அளந்துவிட்டு வந்திருந்தாள்.

மிச்ச இரண்டு நாளுக்குக் கடற்கரையில் மாடியறை ஒன்று எடுத்தார்கள். முதல் நாள் முழுக்க ரேடியோ பேசினாள். இவள் மண்ணில் மல்லாந்து படுத்துக் கேட்டாள். என்ன பேசினாள் என்பதல்ல, தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்ததுதான் சுகமாக இருந்தது.

"ஊர்ப் பல்லையெல்லாம் நீதான் செய்யிறே. உன் பல்லைக் கொஞ்சம் காட்டேன்டி," என்றாள் ரேடியோ. இவள் சிரித்தாள்.

மறுநாள் காலை ரேடியோ இடுப்பளவு தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அறையில் கிடந்தது. கரையில் இருந்தவளின் போன் அடித்தது. அவசரத்துக்கென்று கொடுத்துவைத்த நம்பருக்கு ரேடியோவின் மாமியார் கூப்பிட்டிருந்தார்.

"அவ போனை எடுக்கலியேம்மா. கிளாஸ்ல இருக்காளா?"

"இல்லம்மா, கடல்ல..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடலா? டிரெயினிங்ல கடல் எங்கேருந்து வந்துச்சு?"

இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்கிட்ட சொல்லிட்டே வந்திருக்கலாம். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? சரி, நீ எங்க இருக்கே?"

"கரையிலம்மா."

"அவளைத் தண்ணியில விட்டுட்டு நீ கரையில உக்காந்திருக்கியா? அறிவிருக்கா உனக்கு? அவளுக்கு நீச்சல் தெரியாது. போய்ப் பக்கத்துல நில்லு!"

அவள் எழுந்தேவிட்டாள். ஒன்பது வருடத்தில் யாரும் அவளை இப்படித் திட்டியதில்லை. இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாரா என்றிருந்தது.

"பிள்ளைங்களை நான் பாத்துக்கிறேன். இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பு," என்றார் மாமியார்.

உடுத்திய துணி நனைவதைக்கூடப் பார்க்காமல் முழங்காலளவு தண்ணீருக்குள் ஓடினாள். அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது: லேப்புக்கு லீவு சொல்ல வேண்டும், அறையை நீட்டிக்க வேண்டும், நாளைக்குப் படகில் போகலாம்.

"உன் மாமியார் கூப்பிட்டாங்கடி."

"தெரிஞ்சுபோச்சா?" ரேடியோவின் முகம் வெளுத்தது.

"தெரிஞ்சுபோச்சு. ஆனா கோவமில்லை. இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொன்னாங்க."

"அவங்களா? அப்படியா சொன்னாங்க?" ரேடியோ கரைக்கு வந்து ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தாள். அலை இரண்டு முறை வந்து போயிற்று. முதல் தடவையாக அவள் பேசாமல் இருந்தாள்.

"நான் இன்னிக்கே கிளம்புறேன்டி."

"ரெண்டே நாள்தானே..."

"திட்டியிருந்தா இருந்திருப்பேன். இப்ப வீட்டுக்குப் போகணும்போல இருக்கு. தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாலை ஏர்போர்ட் பஸ்ஸில் ரேடியோவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மூடிய கண்ணாடிக்குப் பின்னாலும் பேசிக்கொண்டேயிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லேப் முதலாளியிடம் ஊருக்குப் போக ஒரு மாத லீவு கேட்டாள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். கல்யாணமா என்றார். அதுவும் இல்லை.

"பின்னே எதற்கு?"

"பேசுவதற்கு," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மூன்று வாரம் கொடுத்தார்.