நாலு கிலோவைக் கழித்துவிடுங்கள்

வத்தேகமையில் சேதுராமனின் கடைத் தராசு நேர்மைக்குப் பேர்போனது. தட்டில் எறும்பு ஏறினால்கூட இறக்கிவிட்டுத்தான் பருப்பு நிறுப்பான். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுபது வருடமாக என் புளுகுகளைத் திட்டிக்கொண்டே என்னோடு சிநேகிதமாயிருப்பவன்.

அவனுக்கு வயிற்றில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டியெடுக்க வழியில்லை. மூன்று வாரத்துக்கொரு முறை கண்டி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அது குணமாக்காது, ஆயுளைக் கொஞ்சம் நீட்டும் என்று டொக்டர் கமலாசனி ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சேதுராமனுக்குத் தை மாதம்வரை போதும். மகள் இராஜகுமாரிக்கு அப்போதுதான் பிள்ளை பிறக்கும்.

"இன்னும் மெலிஞ்சா மருந்தை நிப்பாட்ட வேண்டிவரும், ஐயா" என்று டொக்டர் போனமுறை எச்சரித்தார். அன்று நிறை நாற்பத்தெட்டு.

இந்தமுறை அவன் ஏறியதும் பஸ்ஸே ஒருபக்கம் சாய்ந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்புப் பட்டியில் கடைத் தராசின் இரண்டு கிலோப் படிக்கற்கள் இரண்டு!

"வாயத் திறக்காத, நடராஜா."

திறப்பேனா? கடைசியில் என் கட்சிக்கு வந்துவிட்டானே என்று எனக்குக் கொண்டாட்டம்.

ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்தொன்பது காட்டியது. டொக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாச் சாப்பிட்டிருக்கிறியள். நிறையைப் பார்த்துத்தானே மருந்தின்ர அளவைப் போடுறது" என்று பேனாவை எடுத்தார்.

கற்களுக்கும் சேர்த்தா மருந்து! நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"டொக்டர், நாலு கிலோவக் கழிச்சிடுங்க."

சேதுராமன் என்னை எரிப்பதுபோல் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து, கற்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான்.

டொக்டர் திட்டவில்லை. "மருந்து கொஞ்சம்தான் கூடியிருக்கும். ஆனா நீங்கள் மெலியிறது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், ஐயா. இந்தமுறை மருந்து ஏத்தமாட்டன். முதல்ல உடம்பு தேறட்டும்."

"தை வரைக்கும்..." என்று இழுத்தான் சேதுராமன்.

"அது என்னால சொல்ல ஏலாது."

திரும்பும்போது கற்கள் என் பையில் இருந்தன. நாலு கிலோவா அது, ஹந்தானை மலை.

வத்தேகமை பஸ் நிலையத்தில் அவன் மனைவி புஷ்பம் காத்திருந்தாள். "அண்ணே, டொக்டர் என்னா சொன்னாங்க? எடை கூடிருக்கா?"

ஊரையே நம்பவைக்கக்கூடிய பதில் ஒன்று என் நாக்கு நுனியில் தயாராயிருந்தது. சேதுராமன் என் தோளைப் பிடித்தான். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"உள்ளதச் சொல்லுடா."

"நாப்பத்தஞ்சு, தங்கச்சி" என்றேன். "மருந்து ஏத்தல."