தரிசுக்காட்டுச் செடிகள்

இசக்கிச்செல்வி தினமும் காலையில் புஞ்சைக்காட்டுக்குள் போவதை ஊர் முதலில் காதல் என்றுதான் நினைத்தது. கோவில்பட்டியில் கல்லூரி முடித்த பெண், வேலைக்கும் போகாமல், மாப்பிள்ளை பேச்சுக்கும் பிடிகொடுக்காமல், கையில் செல்போனோடு ஓடைப்பக்கம் நடந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? இரண்டு பேர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே எந்தப் பையனும் இல்லை. அவள் ஈரக் கரிசலில் முழங்கால் ஊன்றி, ஏதோ ஒரு புல்பூண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் சந்தேகம் கூடியது. காதல் என்றால் ஊருக்குப் புரிந்திருக்கும்.

அவள் படித்தது தாவரவியல். மூன்று வருடம் புத்தகத்தில் எங்கெங்கோ உள்ள செடிகளின் பெயர்களைப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், அம்மா வேலுத்தாய் களை பிடுங்கிக் குவித்துப் போட்டிருந்ததைப் பார்த்தாள். அதில் பாதிக்கு மேல் அவளுக்குப் பெயர் தெரியவில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கூடப் படித்தவர்கள் அரசுத் தேர்வுப் பயிற்சிக்கும் பி.எட். படிக்கவும் போனார்கள். அவள் அப்பா சுடலைமணியிடம் ஒரு வருடம் அவகாசம் கேட்டாள். ஊரைச் சுற்றி முளைக்கிற செடி அத்தனையையும் படம் எடுக்க வேண்டும். பெயர் கண்டுபிடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இணையத்தில் போட வேண்டும். அப்படியே ஆங்கிலம் எழுதவும் பழகிவிடலாம்.

"இதுக்கு யாரு சம்பளம் தருவா?" என்றார் சுடலைமணி.

"யாரும் தரமாட்டாவப்பா. நான் எனக்காகக் கத்துக்கிடுதேன்."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் ஒரே மகள் கேட்கிறாளே என்று தலையை ஆட்டிவிட்டார்.

காலம்தான் சரியில்லை. விளாத்திகுளம் போகிற பாதையில் சூரிய மின்சாரக் கம்பெனிகள் நிலம் வாங்கத் தொடங்கியிருந்தன. பக்கத்து ஊரில் கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடித் தகடுகள் நின்றன. சுற்றிலும் கம்பிவேலி, ஆடு போகிற தடம்கூட அடைபட்டுவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது வரப்பில் நின்று போனைத் தூக்கினாலே ஊர் உற்றுப் பார்த்தது. உள்ளூர்ப் பெண் தூக்கினால் இன்னும் உற்றுப் பார்த்தது.

ஓடையோரத்துப் புஞ்சைக்குச் சொந்தக்காரி ஆறுமுகத்தாய். கணவன் இல்லாதவள், பட்டாவில் அவளோடு பெயர் சேர்ந்திருந்த மகன் செல்வகணேஷ் சென்னையில் வேலை பார்த்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் இசக்கிச்செல்வி அந்தப் புஞ்சையில் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, எங்க காட்டுல என்ன செய்யுதே?"

"படம் எடுக்கேன் அத்தை. இந்தா, இந்த நீலப் பூவை."

"ஆடு மோந்து பாத்துட்டுப் போற பூண்டு. அதை ஆருக்கு அனுப்புதே?"

"போன்ல ஒரு குரூப்பு இருக்கு. செடி தெரிஞ்சவிய பேரு சொல்லுவாவ."

"அவிய செடிய மட்டும் பாப்பாவளா, நெலத்தையும் பாப்பாவளா?"

இசக்கிச்செல்வி சிரித்தாள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. இவள் புஞ்சையை விட்டு வெளியேறும்வரை அங்கேயே நின்றாள்.

சுடலைமணி மகள் கம்பெனிக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறாள் என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. சுடலைமணி உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. அதுவரை உழவுக்கு மாடு கேட்டு வந்தவர்கள் வரவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் நிமிராமலே கேட்டார்.

"நெசத்தைச் சொல்லு. யாருக்காச்சும் நீ எடம் காட்டிக் குடுக்கியா?"

"நீங்களுமாப்பா?"

அவர் எழுந்து கை கழுவினார். பாதிச் சோறு தட்டில் இருந்தது.

அந்த நாட்களில் அவளை நம்பிய ஒரே ஆள் கிருஷ்ணப்ரியா. செடிக் குழுவில் அறிமுகமானவள். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லித் தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தாள். 'உன்னை மாதிரி ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை செல்வி' என்று எழுதுவாள். ஊர் பேசுவதை எல்லாம் இசக்கிச்செல்வி அவளிடம் கொட்டினாள். 'உலகத்தில் புதுசாக எதைச் செய்தாலும் இப்படித்தான், விட்டுவிடாதே' என்று பதில் வந்தது. படத்தோடு இடக்குறியையும் அனுப்பச் சொன்னாள். செடி எங்கே முளைத்தது என்பது முக்கியம்தானே என்று இவளும் அனுப்பினாள். பிறகு, உழாத நிலத்தில்தான் அரிய புல் வகைகள் தங்கும், அதனால் எவ்வளவு காலமாகத் தரிசு, நிலத்துக்காரர் ஊரில் இருக்கிறாரா என்றும் எழுது என்றாள். அதுவும் நியாயமாகவே பட்டது. தெரிந்ததை எழுதினாள். தெரியாததைக் குத்துமதிப்பாக எழுதினாள். பேசலாமா என்று இவள் கேட்டபோதெல்லாம் கிருஷ்ணப்ரியாவுக்கு சிக்னல் கிடைக்கவில்லை.

மார்கழி பிறந்த சமயம் ஆறுமுகத்தாய் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"ஏ சுடலைமணி, வெளிய வாரும்! சென்னைக்கே போயி எம்மவனைப் பாத்திருக்கான் ஒருத்தன். எங்க காட்டைப் போன்ல காட்டி வெலைக்குக் கேக்கான். ஓடையோரம் அஞ்சு வருசமாத் தரிசுதானேங்கான். ரெண்டு வருசம் முன்னதான அங்கன உளுந்து வெதைச்சேன்? அஞ்சு வருசம்னு அவனுக்கு எவ சொன்னா?"

இசக்கிச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஐந்து வருடம் என்று எழுதியது அவள்தான். தெரியாமல், ஒரு குத்துமதிப்பாக. அந்தத் தப்பு சென்னைவரை போய்த் திரும்பி வந்து வாசலில் நின்று கத்தியது.

உள்ளே போய்ப் பழைய செய்திகளை எல்லாம் முதலிலிருந்து படித்தாள். செடிகளுக்குப் பெயர் சொன்னவர்கள் குழுவில் இருந்த மற்றவர்கள். கிருஷ்ணப்ரியா ஒரு செடிக்குக்கூடப் பெயர் சொன்னதில்லை. 'அருமை' என்பாள், உடனே நிலத்தைப் பற்றிக் கேட்பாள். இவ்வளவு நாளும் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று இசக்கிச்செல்விக்கு உடம்பு கூசியது. ஆனாலும் மனசு ஒருபக்கம், அவளாக இருக்காது, வேறு யாரோ என்றது.

மறுநாள் தங்கள் புஞ்சைக்குப் போனாள். சுடலைமணி கொத்தமல்லி போட்டிருந்தார். மழை நன்றாகப் பெய்திருந்ததால் காடு முழுக்க வெள்ளைப் பூவும் மல்லி வாசமுமாக இருந்தது. ஒரே ஒரு கொத்தை மட்டும் படம் எடுத்து, இடக்குறியோடு கிருஷ்ணப்ரியாவுக்கு அனுப்பினாள். 'இது என்ன செடி என்று தெரியவில்லை. நிலம் பத்து வருடமாகத் தரிசு. சொந்தக்காரர் பம்பாயில் இருக்கிறார், யாரும் வந்து பார்ப்பதில்லை' என்று எழுதினாள். கொத்தமல்லி தெரியாத தாவர ஆராய்ச்சிக்காரி உண்டா?

பதில் உடனே வந்தது. 'மிக அபூர்வமான செடி! அந்தப் பம்பாய்க்காரர் நம்பர் கிடைக்குமா? ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்க வேண்டும்.'

அவள் நம்பர் எதுவும் அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். சுடலைமணி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்ப ஊரு சொன்னது பாதி நெசம்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட வலித்தது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவர் வேறு வேலைக்குப் போகவில்லை. மகளோடு மல்லிக்காட்டிலேயே களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி, போனைப் பார்த்தார், பூத்து நின்ற காட்டைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பம்பாய்க்காரர் காடுதான?"

"என் காடு. பம்பாய் எந்தத் திக்குல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. உமக்கு ஆரு சொன்னா?"

"ஆபீஸ்ல குடுத்தாவ. தப்பாக் குடுத்திருப்பாவ போல."

இசக்கிச்செல்வி மண் கையோடு முன்னால் வந்தாள். "கிருஷ்ணப்ரியா சொன்னாளா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கிருஷ்ணப்ரியா? எங்க ஆபீஸ்ல பொம்பளையளே கெடையாதே தங்கச்சி."

கார் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தால் கிருஷ்ணப்ரியா என்ற பெயருக்கு மேல் இருந்த படம் காணாமல் போயிருந்தது. அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. தன் மனசில் உள்ளதை எல்லாம் கொட்டியது ஒரு பெண்ணிடமா ஆணிடமா என்பதுகூட அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் ஆறுமுகத்தாய் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப நான் சந்தேகப்பட்டது சரிதான?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"சரிதான் அத்தை. ஆனா எனக்குத் தெரியாது."

"தெரியாமக் குடுத்தா நெலம் போகாதா?"

இசக்கிச்செல்வி அவளிடமே செல்வகணேஷ் நம்பரை வாங்கி அங்கேயே உட்கார்ந்து பேசினாள். வந்தவர் எப்படி வந்தார், என்ன பொய் சொல்லி விவரம் எடுத்தார்கள் என்பதை விளக்கினாள். அவன் கேட்டுவிட்டு, "இப்ப நீ யாருக்காகப் பேசுதே? வேற கம்பெனியா?" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுமுகத்தாய் போனைப் பிடுங்கி, "ஏலே, அவ இங்க அழுதுக்கிட்டிருக்கா. பொங்கலுக்கு வந்து காட்டை உன் கண்ணால பாரு. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே" என்று சொல்லி வைத்தாள்.

பொங்கலுக்கு அவன் வந்தான். ஓடையோரம் நெடுநேரம் நின்று பார்த்தான். விற்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான், இனிமேல் விற்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த வேறு இரண்டு வெளியூர்க்காரர்கள் விற்றுவிட்டார்கள். அந்தக் காடுகளைப் பற்றியும் அவள் எழுதியிருந்தாள். எழுதாவிட்டாலும் விற்றிருப்பார்கள் என்று அப்பா சொன்னார். அவளுக்கு அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் காட்டோரத்தில் செங்காந்தள் பூத்துக் கிடந்த உயிர்வேலியை இயந்திரம் வந்து அழித்த அன்று அவள் காட்டுப்பக்கமே போகவில்லை.

சில நாள் படம் எடுக்காமலே இருந்தாள். பிறகு மறுபடியும் கிளம்பினாள். பாதிச் செடிக்கு இன்னும் பெயர் தெரியாது. அதை அப்படியே விட்டுவிட மனசில்லை. இணையத்தில் போட்டிருந்த இடக்குறிகளை எல்லாம் அழித்தாள். ஊர்ப் பெயரைக்கூட எடுத்துவிட்டாள்.

ஊர்க்காரர்கள் இப்போதும் அவளை முழுசாக நம்பவில்லை. அவள் குனிந்தால் யாராவது ஒருவர் தூரத்தில் நின்று பார்க்கத்தான் செய்கிறார்கள். ஓடையோரத்தில் ஆறுமுகத்தாய் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறாள். ஒவ்வொரு படத்தையும் அவளிடம் காட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும். போனைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூவை விட்டுவிட்டு ஓரங்களை எல்லாம் பார்ப்பாள்.

"இங்கன எல்லைக்கல்லு தெரியுது. இதை அழி."

இசக்கிச்செல்வி அதை அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்து அந்தப் பூவை மறுபடியும் எடுப்பாள்.