எந்த வீட்டுச் சர்க்கரை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை. மாத்திரையைக் கூட்டினாலும் குறைத்தாலும், இனிப்பு இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தாலும், கியர் விழாத வண்டி மாதிரி அது இருந்த இடத்திலேயே நின்றது. புதிதாக வந்த டாக்டர் சந்தேகப்பட்டு மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்.

"இது பரம்பரையா ஜீன்ல வர்ற வகையா இருக்கலாம். அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு பக்கமும் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

பெற்றவர்கள் இல்லாததால் சித்தப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள்.

"ஜீனியா? எங்க வீட்ல ஜீனி வாங்குறதே இல்ல டாக்டர்," என்றார் மாமா.

"ஜீனி இல்ல, ஜீன்."

"எதுவானாலும் எங்க பக்கம் கிடையாது. அவங்க பக்கம் பாருங்க."

"எங்க வம்சத்துல தும்மினவன்கூடக் கிடையாது!" என்று சித்தப்பா குதித்தார்.

மாஸ்டரின் மனைவி கெஞ்சிக் கூத்தாடித்தான் இருவரையும் ரத்தம் கொடுக்க வைத்தாள்.

முடிவு வந்த அன்று எல்லாரும் மறுபடி கூடினார்கள். டாக்டர் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். "நினைச்சது சரிதான். உங்க உடம்பு பிறந்ததுலேர்ந்தே சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலா வெச்சுக்குது. அதனால கெடுதல் இல்ல. மாத்திரையே வேண்டாம்."

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். "அப்பவே நினைச்சேன். எங்க அண்ணன் ஜாடை அப்படியே இருக்கே!"

"மூக்கைப் பாருங்க, எங்க அக்கா மூக்கு!" என்றார் மாமா.

டாக்டர் தாளைப் புரட்டினார். "மாமாவுக்குத்தான் அதே ஜீன் இருக்கு."

மாமா தேர்தலில் ஜெயித்தவர் போல எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"சித்தப்பாவுக்கு இருக்கிறது வழக்கமான சர்க்கரை. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்."

சித்தப்பா ஒரு கணம்தான் வாடினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கேட்டுக்குங்க மச்சான், உங்களுது பேருக்குச் சர்க்கரை. எங்களுது அசல். மாத்திரை இல்லாம அடங்காது!" என்றார்.

சண்டை வராந்தாவுக்கு நகர்ந்தது. நர்ஸ் அதட்டியும் ஓயவில்லை. நோயாளி யார் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. மாஸ்டர் மனைவியின் கையைச் சுரண்டினார். இருவரும் நழுவி எதிரிலிருந்த ஐஸ்கிரீம் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

"இனிமே என்மேல எரிஞ்சு விழுந்துட்டு, சர்க்கரை ஏறிப்போச்சுன்னு சொல்ல முடியாது, பாத்துக்குங்க," என்றாள் அவள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா?" என்றார் கவலையோடு.

அவள் மீதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.