நெருப்பருவியில் குளிக்கிறவர்கள்

எனக்குக் கோவம் மூக்கு மேலே நிக்கும்னு தென்காசிக்கே தெரியும். எட்டாங்கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கிறவ நான். தப்பைப் பாத்தா கை சும்மா இருக்காது.

எண்பத்தி மூணுலே நாங்க பொம்பளைங்க அஞ்சாறு பேரு சேந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதி. வீடு வீடாப் போகும்; படிச்சவங்க கடைசிப் பக்கத்திலே அபிப்பிராயம் எழுதணும். எடிட்டர் நான்.

அதுலே எங்க கூட்டத்து ஷரீபுன்னிசா ஒரு தொடர்கதை ஆரம்பிச்சா. மாப்பிள்ளை துபாயிலே, இவ இங்கன தறிச் சத்தத்துக்கு நடுவுலே உக்காந்து ஒரு எரிமலைக் கிரகத்தையே படைச்சிட்டா. சாம்பல் மேகம், ரெண்டு சூரியன், உச்சியிலேர்ந்து விழுத நெருப்புக் குழம்பு. சீசன் வந்ததும் ஜனங்க எண்ணெய் தேச்சுக்கிட்டு, வரிசையிலே நின்னு அந்த நெருப்பருவியிலே குளிக்காங்க! குத்தாலத்துத் தண்ணியிலே வளந்தவ புத்தி வேற எங்க போகும்?

"ஏட்டி, எலும்புகூட மிஞ்சாதுட்டி"ன்னேன்.

"அவங்க ஒடம்பு கல்லு, வேதா. அவங்களுக்கு அதுதான் சாரல்"னா.

நான் கேக்கலையே. கதைக்குக் கீழே சிவப்பு மையிலே எழுதிட்டேன்: 'இது சாத்தியமில்லை. ஆசிரியர்.'

பத்திரிகை இலத்தூர் வரைக்கும் சுத்திட்டு வந்துச்சு. கடைசிப் பக்கத்திலே என் குறிப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆளாளுக்கு அவ கதையைக் கேலி பண்ணியிருந்தாங்க. 'இனி எழுத மாட்டேன்'னு அவ சொல்லி அனுப்பிட்டா. எனக்குச் சோறு இறங்கலே. உண்மையைச் சொல்லணும்லா, அந்தக் கதையை நான் நாலு தடவை படிச்சிருந்தேன். முதல் நெருப்புச் சொட்டு உச்சந்தலையிலே விழும்போது அந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தி 'ஹா'ன்னு சிரிப்பா. அந்த எடத்திலே ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒடம்பு சிலுத்துது.

நேரே அவ வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிரு. ரெண்டாம் பாகம் வேணும்"னு கெஞ்சினேன். மூணு வாரம் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிட்டா. அப்புறம் ஒருநாள் அவளே வந்து நாலு தாளைக் கையிலே குடுத்தா.

அந்தக் கிரகத்திலே ஒருத்தி கதை எழுதுதா. எங்கேயோ ஒரு உலகத்திலே மலையிலேர்ந்து பச்சைத் தண்ணி விழுதாம். வெறும் தோலும் சதையுமான ஜனங்க அதுக்குத் தலையைக் குடுத்து நிக்காங்களாம், சிரிக்காங்களாம். அந்த ஊர் டீச்சர் கீழே எழுதுதா: 'இது சாத்தியமில்லை. தண்ணி பட்டா ஒடம்பு விரிசல் விட்டுச் செத்துருவாங்க.'

சண்டாளி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துட்டு. பொறந்ததுலேர்ந்து குத்தாலத்திலே குளிக்கேன். அது எவ்வளவு பெரிய அதிசயம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.