பழைய படி

நாமகிரிப்பேட்டையிலிருந்து போதமலைக்குப் போகும் வண்டித்தடத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு கல் வீடு இருந்தது. வில்லியம் கிளேட்டன் என்ற துரை கட்டியது. அவர் சீமைக்குப் போய்ச் செத்தும் போனார். கூரையில் பாதி ஓடு காற்றோடு போயிற்று. மீதிப் பாதியின் கீழே சின்னாயி தன் ஆடுகளோடு குடியிருந்தாள். அவளுடைய மண்குடிசை பெருமழையில் கரைந்த வருஷம், மழை விடும் மட்டும் என்று ஒதுங்கியவள். அவளைப் பொறுத்தவரை மழை இன்னும் விடவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் வில்லியம் துரையின் பேரன் மோட்டாரில் வந்து இறங்கினார். பெருத்த உடம்பு, செம்பட்டை முறுக்கு மீசை. தாத்தாவின் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஸ்திரி செங்கோடனைக் கூப்பிட்டு, முன்ஷியிடம் கற்ற தமிழில், ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுப்பவர்போலச் சொன்னார்.

"இந்த வீடு. எனக்குப் பழைய... படி... வேண்டும். புதிதாக ஒன்றும் கூடாது."

சின்னாயியிடம் திரும்பி, "வேலை முடிந்ததும் நீ போக வேண்டும்" என்றார். மோட்டார் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டது. சின்னாயிக்குப் போக ஓர் இடமும் கிடையாது.

"ஏனுங்க மேஸ்திரி, தொரை என்ன கேட்டுட்டுப் போறாரு?"

"பழைய படி வேணுமாமா."

"அது வேப்பமரத்தடியிலல்லோ இருக்குது?"

"அதானாயா, சாமியைப் போயி எப்பிடிப் பேக்கறது?"

வாசற்படிக் கல்லைச் செங்கோடனின் அப்பன்தான் முன்னொரு காலத்தில் பெயர்த்து எடுத்துப்போய்த் தன் தொழுவத்தில் போட்டிருந்தார். அதை மிதித்த எருமைக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் ஒரு முறுக்கு மீசை செதுக்கியிருந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி மீசை வைத்திருப்பவர் முனியப்பன் ஒருவர்தான். உடனே கல் வீட்டுக்கு எதிரே தடத்தோர வேப்பமரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துவிட்டார்கள். முனியப்பன் ஆரம்பத்தில் படியாக வேலை பார்த்தவர் என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைக் குறைவாக நினைத்ததில்லை.

பூசாரி அப்புசாமி பூ வைத்துக் கேட்டார். கல்லின் உச்சியில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ விழவே இல்லை. வெயில் ஏறியது. கூட்டம் கொட்டாவி விட்டது. அப்போது சின்னாயியின் வெள்ளாடு வலப்பக்கமாக வந்து பூவை இழுத்துத் தின்றது.

"இதென்னுங்க பூசாரி, கணக்குல சேருமா?" என்றார் செங்கோடன்.

"வலப்பக்கந்தானே போச்சு? சேரும், சேரும்."

மேளத்தோடு முனியப்பன் வீடு திரும்பினார். மீசை மேலே தெரியும்படி வாசலில் கிடத்தி, எண்ணெய்க்காப்பு செய்தார்கள். செங்கோடன் கூரையைத் தொடவில்லை, சுவரைத் தொடவில்லை. சொல்லாத வேலையைச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

சித்திரை கடைசியில் துரை வந்தார். பாதிக் கூரை, ஆட்டுப்புழுக்கை, பூமாலை போட்ட ஒரு கல்.

"என்ன இது? நான் பழையபடி என்றேன்!"

"அதேதானுங்க தொரை. பழைய படி."

துரை ஏதோ கத்த வாயைத் திறந்தார். கண் கல்லின்மேல் விழுந்தது. மஞ்சளை விரலால் துடைத்தார். தாத்தா கையெழுத்துப் போடும்போது பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்தான டபிள்யூவை எப்படிச் சுழித்து இழுப்பாரோ அப்படியே இருந்தது.

"வில்லியம்..." என்றார்.

"முனியப்பனுங்க" என்று அப்புசாமி பணிவாகத் திருத்தினார்.

துரை உள்ளே போகக் காலைத் தூக்கினார். கூட்டம் மொத்தமும் "ஐயோ!" என்றது.

"சாமியை மிதிக்கலாமுங்களா? தாண்டறதும் ஆகாதுங்க" என்றார் செங்கோடன்.

அதற்குள் ஓர் ஆடு கல்லைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடியது.

"அது மட்டும் தாண்டுகிறதே!"

"அது சாமிக்கு நேந்துட்டதுங்க" என்று உள்ளேயிருந்து சின்னாயியின் குரல் வந்தது. "எல்லா ஆடும் நேந்தாச்சுங்க. நான் சன்னல் வழியாத்தான் வாரேன், போறேன்."

துரை சன்னலில் ஏறினார். தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு போகவில்லை. செங்கோடனும் அப்புசாமியும் ஆளுக்கொரு பூட்ஸைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"சன்னலைக் கொஞ்சம் இடிச்சு அகலம் பண்ணீரட்டுங்களா?"

"கூடாது! தாத்தா வைத்த அளவு!"

"அப்பக் கல்லைப் பேத்து ஓரமா வெக்கட்டுங்களா?"

துரை மீசை எழுத்தைப் பார்த்தார். தாத்தா வைத்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கும் ஒரே பொருள் அதுதான். "கூடாது" என்றார், மெதுவாக.

சின்னாயி சன்னலில் முகத்தை வைத்தாள். "ஏனுங்க சாமி, நான் எப்பக் கெளம்போணும்?"

"வேலை முடிந்ததும் என்றேன்."

"படி வேலை முடிஞ்சுபோச்சுங்க. ஆனா நான் போய்ட்டா உங்க தாத்தாவுக்கு ஆருங்க வெளக்கு வெப்பா? உள்ள வர ஆராலயும் முடியாதே."

துரை சன்னலின் அகலத்தையும் தன் வயிற்றையும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நீ இரு" என்றார்.

அன்று முதல் சாயங்காலம் ஆனால் சின்னாயி வீட்டுக்குள்ளிருந்தபடியே கையை நீட்டிப் படிக்கு விளக்கு வைப்பாள். அந்த வெளிச்சத்தில் வீட்டைப் பார்ப்பதற்காகத் துரை ஏற்காட்டிலிருந்து இறங்கி வருவார். முனியப்பன் காலிசெய்த வேப்பமரத்தடிதான் நல்ல நிழல். அங்கே நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சந்தைக்குப் போய்த் திரும்பும் வெளியூர்க்காரர்களுக்கு நடந்தது தெரியாது. அரையிருட்டில் மரத்தடியில் பெரிய மீசையைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்துக் கும்பிட்டார்கள். சிலர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

துரை முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.