அக்கா கிளம்பும் கதை

1

இந்தக் கதையை எழுத வைத்தது பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஓவியர். பாலம், மணிக்கூண்டு, பழைய ரயில் நிலையம் என்று எதைக் கேள்விப்பட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பும்போது சுருள் சுருளாகப் படங்கள் வரும். நான் எழுத்தாளன். பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் குடை எடுத்துக்கொள்வேன்.

முதல் தொடக்கம்: ‘அந்தி மயங்கும் வேளையில், தூண்களின் நிழலில் அவள் தன் தூரிகையை’

வேண்டாம். அந்தியில் அக்கா வரைய மாட்டாள். வெளிச்சம் போதவில்லை என்று டீ குடிக்கப் போய்விடுவாள்.

2

நடந்தது இதுதான். ஒரு துறைமுக நகரத்தில் பழைய தானியக் கிடங்கை ஓவியர்கள் தங்கி வரையும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அக்காவுக்கு அங்கே இரண்டு வருடம் இடம் கிடைத்தது.

“எல்லாக் கட்டடத்தையும் வெளிய நின்னே வரைஞ்சாச்சுடா. ஒண்ணுக்குள்ள குடியிருந்து, வெளிச்சம் எப்படி நகருதுன்னு பாத்து வரையணும்,” என்றாள்.

ஆனால் அவள் அம்மாவோடு இருப்பவள். அம்மாவுக்கு முழங்கால் வலி.

நான் உடனே கதை எழுத உட்கார்ந்தேன். (வேறு ஏதாவது உதவியும் செய்திருக்கலாம். தோன்றவில்லை.) கதையில் வரும் ஓவியக்காரி கடைசி நிமிடத்தில் பெட்டியைப் பிரித்து, அம்மாவுக்காக ஊரிலேயே தங்கிவிடுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அக்கா தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு படித்தாள்.

“நல்லா அழ வைக்கிற. ஆனா இதுல எனக்கு ஒரு தம்பியே இல்லையே, ஏன்?”

“கதைக்குத் தேவைப்படல.”

“எனக்குத் தேவைப்படுதே.”

3

தம்பியைச் சேர்த்தேன். தங்கமான பையனாக வந்தான். “நீ போ அக்கா, அம்மாவ நான் பாத்துக்கறேன்,” என்றான்.

படித்த என் மனைவி, “இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க,” என்றாள்.

கேட்டேன்.

“எனக்குச் சம்மதம்தான். அத்தைக்குக் கால் பிடிச்சு விடப்போறது நீங்கதானே?”

அந்தத் தம்பியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.*

* கதாபாத்திரத்தை ஒழிப்பது சுலபமான வேலை. கை வலிக்காது.

4

நேற்று அம்மா வீட்டில் மறுபடியும் இதே பேச்சு. நான் சாதக பாதகங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“ஆளாளுக்கு என்னை எங்க வைக்கலாம்னு பேசறீங்களே, நான் என்ன பீரோவா?”

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அவ போகட்டும். நான் இங்கயேதான் இருப்பேன். நீ தினம் சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போ. கதைக்கு விஷயம் தேடிக்கிட்டு வராத. சும்மா வா. முடியுமா?”

அக்கா என் முகத்தையே பார்த்தாள். கட்டடங்களை அப்படித்தான் பார்ப்பாள், எங்கே விரிசல் என்று.

“நாளைக்குள்ள அந்தக் கிடங்குக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்டா,” என்றாள்.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன். நான் எழுதுவதே சாயங்காலத்தில்தான்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ஒத்துக்கொள்கிறேன், நம்பும்படியாக இல்லை. இரண்டாவதில் மறுக்கிறேன், அப்படியே நம்பலாம், அதனால் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் நான்

கைபேசி அடிக்கிறது. அக்காதான்.

எடுக்கப் போகிறேன். எடுத்து என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நல்லவனாக எழுதினால் புண்ணியமாகப் போகும். அம்மா படிப்பாள்.